ஆடி முடித்த பின்

உடம்பை நம்பி நடக்கும் தொழில்கள் அனைத்துக்கும் ஒரு கொடுமை பொதுவாக உண்டு. வக்கீலும் வைத்தியரும் வாத்தியாரும் தத்தம் தொழிலின் நுட்பங்களில் தேறி, பத்துப் பேர் தேடி வந்து யோசனை கேட்கும் நிலையை அடைகிற அதே வயதில், விளையாட்டையே ஜீவனமாகக் கொண்டவருக்கு அந்த ஜீவனம் முடிந்துபோகிறது. முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதில் பந்து வரும் வழி அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. அதற்கு என்ன செய்ய வேண்டுமென்பது முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் கை மாத்திரம் ஒரு கணம் தாமதித்துக் கிளம்புகிறது. அந்த ஒரு கணத்தை முதலில் அவர் ஒருவரே அறிவார். பிறகு எதிரணியார் அறிகிறார்கள், அப்புறம் அணியின் நிர்வாகிகள் அறிகிறார்கள், அதோடு காரியம் முடிந்தது. அறிவு நிறையும் வேளையில் சக்தி குறைந்துபோகும் இந்த விபரீதம் நம் எல்லாருக்கும் வயோதிகத்தில் வருவதுதான் என்றாலும், ஆட்டக்காரருக்கு அது பாதி ஆயுளிலேயே வந்துவிடுகிறது. மீதிப் பாதியை அவர் எப்படிக் கழிப்பது?

சிலர் ஆட்டத்தை அடியோடு விட்டு விலகி, சொந்த ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டோ கடை வைத்துக்கொண்டோ இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒருவித நிம்மதி உண்டு. சிலர் பயிற்சியாளர்களாகித் தம் வித்தையை இளையவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். அந்தக் குருபரம்பரையின் கௌரவம் எவரும் அறிந்ததே. என் சிந்தனையை நெடுநாளாக இழுத்து வருகிறவர்கள் மூன்றாவது வகையார்: தாம் நேற்றுவரை ஓடிய அதே மைதானத்துக்கு மேலே, ஒரு சிற்றறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, இன்று பிறர் ஓடுவதை ஊராருக்கு எடுத்துச் சொல்லும் வர்ணனையாளர்கள். பிரியப்பட்ட ஒன்றைச் செய்ய முடியாமற்போன பிறகும் தினந்தோறும் அதன் அருகிலேயே இருந்து, பிறர் அதைச் செய்வதைக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லவும் வேண்டுமென்றால், அது பாக்கியமா, தண்டனையா? முன்னாள் ஆட்டக்காரர் வர்ணனை செய்வது இன்று நமக்குச் சகஜமாகிவிட்டபடியால் இந்தக் கேள்வியே எழுவதில்லை. அந்தப் பாதையில் முதன்முதலாக நடந்த ஒருவருடைய சரித்திரத்தைப் படித்தபோதுதான் அதன் கஷ்டமும் மேன்மையும் எனக்கு ஒருவாறு விளங்கின.

அவர் பெயர் ஜாக் கிரேனி. கனடாவில் ஆன்டேரியோ மாகாணத்துச் செயின்ட் தாமஸில் 1886இல் பிறந்தவர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துப் பேஸ்பால் அணியில் 1908இல் அவர் பந்து எறிபவராக வந்து சேர்ந்தார். வேகம் இருந்தது, கட்டுப்பாடு இல்லை. பயிற்சியின்போது அவர் எறிந்த பந்து ஒன்று, அணியின் தலைவரும் அக்காலத்து மகத்தான ஆட்டக்காரருமான நாப் லாஜ்வாயின் தலையிலேயே பட்டது. இளைஞரை மேற்குக் கோடியிலிருந்த போர்ட்லாந்து நகரத்துச் சிறிய அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து 1910இல் மீண்டு வந்தபோது அவர் எறிபவர் அல்லர். மைதானத்தின் இடப்புற எல்லையைக் காக்கும் ஆட்டக்காரர். அந்த இடத்தில் நின்றபடியே 1922 வரை அதே அணிக்கு ஆடினார். அவருடைய மட்டை வீச்சின் சராசரி .250; அதாவது நான்கு வாய்ப்புக்கு ஒருமுறைதான் அடி பலித்தது. பந்தை மைதானத்துக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன் என்னும் பேரடி, அத்தனை ஆண்டுகளிலும் பதினெட்டுதான். 1914ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி பாஸ்டனில், பத்தொன்பது வயதுப் பையனொருவன் பெரிய லீக்கில் முதல் முறையாகப் பந்தெறிய வந்தபோது அவனுக்கு எதிரே முதலாவதாக மட்டை பிடித்து நின்றவர் கிரேனி. அந்தப் பையன்தான் பின்னாளில் பேஸ்பாலில் பெரும்புகழ் பெற்ற பேப் ரூத். சரித்திரத்தின் வாசற்படியில் நின்று பிறர் உள்ளே போவதைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அப்போதே வாய்த்திருந்தது என்று சொல்லலாம்.

ஆனால் அவர் ஆட்டத்தில் ஒரு குணவிசேஷம் இருந்தது. பின்னால் வந்த வாழ்வு முழுவதும் அதிலேயே வித்தாக அடங்கியிருந்ததென்று எனக்குத் தோன்றுகிறது. பேஸ்பாலில் எறிபவர் ஒவ்வொரு பந்தையும் தரையில் பதித்த தட்டின் அகலத்துக்குள், மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் செலுத்த வேண்டும். அந்த எல்லைக்குள் வந்த பந்தை அடிக்காமல் விட்டாலும், எந்தப் பந்தையாவது வீசித் தவறவிட்டாலும் மட்டைக்காரர் கணக்கில் ஒரு ‘ஸ்ட்ரைக்’ ஏறும். மூன்று ஏறினால் அவர் வெளியேற வேண்டியதுதான். எல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் போய், அவர் அவற்றைத் தொடாமல் பொறுத்திருந்தாரானால், அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். கையை விட்டுப் புறப்பட்ட பந்து மட்டைக்காரரை அடைய அரை வினாடிகூட ஆவதில்லை. அதற்குள் அது உள்ளே வருவதா, வெளியே போவதா என்று தீர்மானித்தாக வேண்டும். கிரேனி இந்தத் தீர்மானத்தில் நிபுணர். வெளிப்பந்து மூன்று, ஸ்ட்ரைக் இரண்டு என்ற கடைசி விளிம்புவரை பொறுத்து நிற்பது அவர் வழக்கமாதலால், ‘மூன்று-இரண்டு ஜாக்’ என்றே அவருக்குப் பட்டப்பெயர் வழங்கியது. 1917இலும் 1919இலும் அமெரிக்கன் லீக்கில் மற்றெவரையும்விட அதிக முறை அவ்வாறு நடந்து போனவர் அவரே. பெரிய அடிகாரர்கள் அடிப்பதற்காகப் பந்தைப் பார்க்கிறார்கள். இவரோ பார்ப்பதையே ஒரு தனி வித்தையாக அப்பியாசம் செய்திருக்கிறார். அடியின் பலம் கையோடு போய்விடும். பார்க்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மனிதனை விட்டுப் போவதில்லை.

முப்பத்தாறு வயதில் ஆட்டம் முடிந்தது. மோட்டார் கார் விற்கும் வியாபாரத்தில் இறங்கினார். முதலில் நன்றாக நடந்த அது, உலகத்தையே ஆட்டிவைத்த பொருளாதார மந்தத்தில் நஷ்டமாயிற்று. பல்லாயிரம் பேருக்கு முன்னால் ஓடிய ஒருவர் வாடிக்கைக்காரருக்காகக் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பத்து வருஷங்களைப் பற்றி அவர் சரித்திரங்களில் சில வரிகளே உள்ளன. என்னைக் கேட்டால், இரண்டாவது வாழ்வுக்கு அவரைப் பக்குவப்படுத்தியவை அந்த வருஷங்களே. ஆட்டத்தை விட்ட மறுநாளே அவர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால், கை துடித்துக்கொண்டிருந்திருக்கும், நாக்கில் ‘நான்’ என்ற சொல் அடிக்கடி வந்திருக்கும். பத்து வருஷம் வெளியே நின்றவருக்கு ஆட்டம் தம்முடையதல்ல என்பது பழகிப்போயிருக்கும்.

ரேடியோவில் பேஸ்பாலைச் சொல்லும் வழக்கமோ அப்போது இளம் பருவத்திலேயே இருந்தது. பிட்ஸ்பர்க் நகரத்துக் கேடிகேஏ நிலையம் 1921 ஆகஸ்டு 5ஆம் தேதி ஓர் ஆட்டத்தை ஒலிபரப்பியதே ஆரம்பம். அந்நாளில் வர்ணனைக்கு வந்தவர்கள் பாட்டுக்காரர், பத்திரிகைக்காரர், குரல் வளமுள்ள நிலைய ஊழியர் முதலியோர். ஆட்டக்காரருக்குச் சொல்வளம் ஏது என்பது பொதுவான எண்ணம். 1932இல் கிளீவ்லாந்தில் கிரேனியை அழைத்து அந்த ஆசனத்தில் உட்காரவைத்தபோது, பெரிய லீக்கில் ஆடி ஓய்ந்த ஒருவர் பந்துக்குப் பந்து வர்ணனையைத் தொழிலாக ஏற்றது அதுவே முதல் தடவை. நாற்பத்தைந்து வயதுக்குமேல் அவர் புதிதாகத் தொழில் கற்கத் தொடங்கினார்.

உள்ளூர் ஆட்டங்களை அவர் கண்ணால் பார்த்துச் சொன்னார். வெளியூர் ஆட்டங்களுக்கு வர்ணனையாளரை அனுப்புவது செலவு என்று அக்காலத்தில் அனுப்புவதில்லை. அங்கே மைதானத்தில் ஒரு தந்திக்காரர் உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு மூன்று எழுத்துகளில் சங்கேதமாகச் செய்தி அனுப்புவார். கிளீவ்லாந்து நிலையத்தில் இன்னொருவர் அந்தக் கட்டுக்கட்டு ஓசையைக் கேட்டு எழுதி, துண்டுக் காகிதமாக நீட்டுவார். முதல் ஸ்ட்ரைக், அடிக்காமல் விட்டது. முதல் வெளிப்பந்து, அகன்று போனது. அடித்தார், இடப்புறம் உயர்ந்தது, பிடிபட்டது. காகிதத்தில் இருப்பது இவ்வளவே. இந்த எலும்புகளுக்குத் தசையும் ரத்தமும் கொடுத்து, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்முன் ஓர் ஆட்டத்தை நடத்திக் காட்ட வேண்டியது வர்ணனையாளர் பொறுப்பு. பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்டு ரீகன், வாலிபத்தில் டி மாய்ன் நகரத்து நிலையத்தில் இதே வேலை பார்த்தபோது, நடுவில் தந்தி அறுந்துபோகவே, கம்பி சீராகும்வரை மட்டைக்காரர் பந்தைத் தொட்டுத் தொட்டு வெளியே தள்ளிக்கொண்டேயிருந்ததாகக் கற்பனை செய்து சமாளித்தாராம். சாமர்த்தியந்தான். ஆனாலும் கேட்கிறவர் நம்பிக்கைக்கு அது செய்த அபராதத்தை என்னால் அவ்வளவு எளிதில் ரசிக்க முடிவதில்லை.

குரலை மட்டும் நம்பி ஆட்டம் பார்ப்பதென்றால் என்னவென்று அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். சேப்பாக்கத்தில் டெஸ்ட் பந்தயம் நடக்கும் நாட்களில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுப் பெரியவர் ஒருநாளும் மைதானத்தின் உள்ளே கால் வைத்தவரல்லர். திண்ணையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, வர்ணனையாளர் சொல்லச் சொல்லப் புளியங்கொட்டைகளை எடுத்து அங்கங்கே வைப்பார். இதோ ஸ்லிப், இதோ மிட்-ஆன், இதோ கவர். பந்து வீச்சாளர் மாறினால் கொட்டைகள் இடம் மாறும். வர்ணனையாளர் ஓர் ஆட்டக்காரர் எங்கே நிற்கிறாரென்று சொல்லாமல் விட்டுவிட்டால், பெரியவர் ஒரு கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அது எங்கே போக வேண்டுமென்று தெரியாமல், அந்த ஓவர் முழுவதும் தவித்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் ஸ்கோரைப் பற்றிப் பேசுவோம், அவரோ, “தம்பி, ஒருத்தன் குறையறானே, எங்கே போனான்?” என்று கேட்பார். சொல்லுகிறவன் வாயில் தன் கண்ணை ஒப்படைத்திருப்பவருக்கு அவன் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறான் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

கிரேனியிடம் அந்தத் துண்டுக் காகிதம் வந்தபோது அவருக்கு மாத்திரம் ஒரு வசதி இருந்தது. பாஸ்டன் நகரத்துப் பென்வே மைதானத்தை எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் அங்கே இடப்புறத்தில், எல்லைச் சுவருக்கு முன்னால் தரை சமமாக இராமல் ஏறக்குறைய பத்தடி உயரத்துக்கு மேடாக ஏறிப்போய்ச் சுவரில் முட்டும். உயரமாக வரும் பந்தைப் பிடிக்க வேண்டுமானால், முகத்தை வானத்தில் வைத்துக்கொண்டு, முதுகுப்புறமாகக் காலால் சரிவைத் துழாவி ஏற வேண்டும். கால் இடறினால் பந்தும் போயிற்று, மானமும் போயிற்று. பாஸ்டனின் டஃபி லூயிஸ் என்ற ஆட்டக்காரர் அதில் ஏறுவதில் மகா கெட்டிக்காரராக இருந்தமையால் அதற்கு ‘டஃபியின் குன்று’ என்றே பெயர். எதிரணியின் இடப்புறக் காவலராகிய கிரேனி, ஆட்டக்காலத்தில் அந்தச் சரிவோடு மல்லுக்கட்டியவர். ஆகவே 1932இல் கிளீவ்லாந்தின் ஓர் அறையில், பாஸ்டனிலிருந்து ‘இடப்புறம் உயர்ந்த பந்து’ என்று தந்தி வந்த மாத்திரத்தில், வேறொருவருக்கு அது வெறும் திசையாகப் பட்டிருக்கும்; அவருக்கோ பாதத்தின் அடியில் மண் மேடேறியிருக்கும். நேயர்களைத் தம்மோடு அந்த மேட்டில் ஏற்றிச் செல்ல அவருக்கு அலங்காரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எல்லா மைதானங்களிலும் இந்தப் பூர்வ ஞானம் செல்லுபடியானதென்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கின் யாங்கி மைதானம் திறக்கப்பட்டது 1923இல். அதில் அவர் ஆடியதே இல்லை. டஃபியின் குன்றையும் 1934இல் வெட்டிச் சமப்படுத்திவிட்டார்கள். ஆகையால் பழைய ஞாபகத்தை மூலதனமாக வைத்துக் காலமெல்லாம் வட்டி தின்ன அவருக்கு வழியில்லை. திரும்பத் திரும்பப் புதிதாகப் பார்த்துத்தான் ஆகவேண்டியிருந்தது. பந்தைப் பின்தொடர்வதும் ஆட்டத்தோடு கூடவே இருப்பதுமே தம் வேலை, அலங்காரச் சொற்களைப் பிறருக்கு விட்டுவிட்டேன் என்ற பொருள்பட அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு ஞாபகமும் அவருக்கு இருந்தது. அதை நினைக்கும்போது என் மனம் கனத்துவிடுகிறது. ரே சாப்மன் என்பவர் கிளீவ்லாந்து அணியின் இளம் ஆட்டக்காரர்; எல்லாராலும் நேசிக்கப்பட்டவர்; பயணங்களில் கிரேனியோடு ஒரே அறையில் தங்கிய அந்தரங்க சிநேகிதர். 1920 ஆகஸ்டு 16ஆம் தேதி, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், கார்ல் மேஸ் எறிந்த பந்து சாப்மன் தலையில் பட்டது. தலைக்கவசம் அணியும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. மறுநாள் விடிவதற்குள் அவர் இறந்துபோனார். பெரிய லீக் ஆட்டமொன்றில் பந்து பட்டு உயிர்விட்டவர் அவர் ஒருவரே. அந்த ஆண்டுதான் கிளீவ்லாந்து முதன்முறையாக உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றது. ஆனந்தமும் துக்கமும் ஒரே பருவத்தில் வந்து சேர்ந்தன. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு தந்தி அறையில் உட்கார்ந்திருந்த கிரேனியிடம், ‘மட்டைக்காரர் மேல் பந்து பட்டது’ என்று சொல்லும் சில எழுத்துகள் எத்தனையோ முறை வந்திருக்கும். உடம்பில் எங்கே பட்டது, எழுந்தாரா, விழுந்து கிடக்கிறாரா என்பதை அடுத்த காகிதம் வரும்வரை அவர் அறியமாட்டார். அந்த இடைவெளியில் ஒரு பெரிய பட்டணமே அவர் குரலுக்காகக் காத்திருக்கும். தாமும் ஒருகாலத்தில் கட்டுமீறிப் பந்தெறிந்து ஒருவர் தலையில் அடித்தவர், தம் ஆருயிர்த் தோழரை அதே விதமாக இழந்தவர், அந்தச் சில விநாடிகளில் பதறாமலும் பயமுறுத்தாமலும் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நேயர்கள் அவரிடம் கேட்க வந்தது சாப்மனுடைய கதையை அல்ல, அன்றைய ஆட்டத்தை. சொந்தத் துக்கத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அதன் உதவியால் பிறர் நிலையைச் சரியாகப் பார்ப்பது ஒரு தபஸ் என்றே நான் கருதுகிறேன்.

மேலிடத்தில் இருந்தவர்கள் இந்த வகையில் யோசிக்கவில்லை. பேஸ்பாலின் சர்வாதிகாரியாக விளங்கிய கமிஷனர் லாண்டிஸ், இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரின் 1934ஆம் ஆண்டு ஆட்டங்களை வர்ணிக்கக் கிரேனிக்கு அனுமதி மறுத்தார். அமெரிக்கன் லீக்கில் ஆடியவர் அந்த லீக்கின் பக்கமே சாய்வார் என்பது அவர் எண்ணம். லாண்டிஸைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர் நீதிபதியாயிருந்து வந்தவர். 1919இல் சில ஆட்டக்காரர்கள் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாக வெடித்த பெரும் ஊழலுக்குப் பின், ஆட்டத்தின் நாணயத்தை மீட்பதற்கென்றே அழைத்துவரப்பட்டவர். பட்சபாதம் என்ற நிழல்கூட விழக்கூடாதென்று அவர் நினைத்ததில் நியாயம் இருந்தது. அதற்குக் கிரேனி, தாம் ஆடிய காலம் முடிந்துவிட்டது, தம்மை இனி வர்ணனையாளராகவே கருதவேண்டும் என்று எழுதினார். அடுத்த ஆண்டு, டிட்ராய்ட்டும் சிகாகோவும் மோதிய 1935ஆம் வருஷத்துத் தொடரை வர்ணிக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. நேற்று வரை நான் இன்னான், இன்று அவன் அல்லன் என்று ஒருவன் கையெழுத்திட்டுச் சொல்வது எளிதன்று. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும் பெயர்ப்பலகையில் பழைய பதவியை எழுதி மாட்டிக்கொள்ளும் நம்மில் எத்தனை பேர் அப்படிச் சொல்லத் துணிவோம்?

அப்படிச் சொல்ல முடியாதவரும் அந்தத் தொழிலிலேயே இருந்தார். டிஸ்ஸி டீன் என்ற மாபெரும் எறிபவர் 1934இல் முப்பது வெற்றிகளைக் குவித்தவர். 1937இல் ஒரு பந்து வந்து கால்விரலை உடைத்தது. அது ஆறுமுன் எறியத் தொடங்கி, வலிக்குத் தக்கபடி எறியும் முறையை மாற்றிக்கொண்டதால் தோளே கெட்டுப்போயிற்று. 1941இல் செயின்ட் லூயிஸ் நகரில் வர்ணனையாளரானார். அவ்வூர் பிரௌன்ஸ் அணியின் எறிபவர்களைக் கண்டு மனம் பொறுக்காமல், இவர்களைவிட நானே நன்றாக எறிவேன் என்று வானொலியிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அணியின் நிர்வாகம் அவர் சொல்லையே பிடித்துக்கொண்டு, 1947 செப்டம்பர் 28ஆம் தேதி, பருவத்தின் கடைசி நாளில், அவரைப் பந்தெறியும் மேட்டில் ஏற்றியது. ஆறு வருஷமாகப் பெரிய லீக்கில் பந்தைத் தொடாத அந்த மனிதர் நான்கு இன்னிங்ஸ் எறிந்து எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. மட்டையால் ஓர் அடியும் அடித்தார். ஓடும்போது தொடைத் தசை பிடித்துக்கொள்ளவே விலகினார். மறுபடி மைக்குக்கே திரும்பினார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. முழங்கிய வாய்க்குக் கை சாட்சி சொன்ன தினம் அது. இருந்தாலும், அந்த ஒரு நாள் கிடைக்காத ஆயிரம் பேரைப் பற்றியே நான் எண்ணவேண்டியிருக்கிறது. அவர்களுக்குக் கிரேனியின் வழியே உபயோகமானது.

பெரிய ஆட்டக்காரராக இருந்தால்தான் நல்ல வர்ணனையாளராகலாம் என்ற எண்ணத்தை முறியடிக்க மில்வாக்கி நகரத்து பாப் யூக்கர் ஒருவரே போதும். 1962 முதல் 1967 வரை ஆறு பருவங்கள் ஆடி, .200 சராசரியோடு, அதாவது ஐந்துக்கு நான்கு முறை தோற்றவராக வெளியேறினார். பிறகு 1971இலிருந்து 2024 வரை, தொண்ணூறு வயதை எட்டும்வரை, பிறந்த ஊரின் அணிக்குக் குரலாக இருந்தார். தோல்வியை உள்ளிருந்து அறிந்தவர் பிறர் தோல்வியைச் சொல்லும்போது அதில் நஞ்சு இருப்பதில்லை. இன்றைய ஒலிபரப்புகளில் முன்னாள் நட்சத்திரங்கள், நான் ஆடிய காலத்தில் இப்படி விட்டிருக்கமாட்டேன் என்று தொடங்கி, கண்முன்னே ஓடும் இளைஞனை மறைத்துக்கொண்டு தம் உருவத்தை நிறுத்துவதைக் கேட்கையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் அறிந்தது அதிகம், அதில் ஐயமில்லை. அந்த அறிவை இளைஞன் மேல் வெளிச்சமாகப் பாய்ச்சாமல் தம் முகத்துக்கே திருப்பிக்கொள்கிறார்களே என்பதுதான் என் குறை.

கிரேனி 1953இல் தம் அறுபத்தேழாம் வயதில் இரண்டாவது தொழிலிலிருந்தும் ஓய்வு பெற்றார். பாப் ஃபெல்லர் என்ற பதினேழு வயதுப் பள்ளிப் பையன் வந்து நாட்டையே பிரமிக்க வைத்ததையும், அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பின ஆட்டக்காரராக லாரி டோபி 1947இல் களமிறங்கியதையும், 1948இல் கிளீவ்லாந்து மீண்டும் பட்டம் வென்றதையும் அந்த நகரம் கண்ட காலம் அவர் குரலின் காலம். ஆடிய காலத்தைவிட ஆட்டத்தைச் சொன்ன காலமே நீண்டது. 1978இல், தொண்ணூற்றோராம் வயதில் மறைந்தார். வர்ணனையாளர்களைக் கௌரவிக்க ஃபோர்டு ஃபிரிக் விருது ஏற்பட்டதும் அதே 1978இல்தான். அது அவருக்கு வந்து சேர்ந்தது 2022இல்.

சொந்தக் கதைக்கு இந்தத் தொழிலில் இடமே கிடையாதா என்று கேட்கலாம். உண்டு, அதற்குரிய காலத்தை வெய்ட் ஹொய்ட் கண்டுபிடித்தார். பேப் ரூத்தோடு யாங்கி அணியில் ஆடி, 1942 முதல் 1965 வரை சின்சினாட்டியில் வர்ணனை செய்தவர் அவர். நான் சொல்வதற்குள் நடந்தது நடந்து முடிந்துவிடுகிறதே என்று, ஒவ்வொரு நிகழ்ச்சியையும் இறந்தகாலத்திலேயே சொல்லும் அளவுக்கு நேர்மைக்காரர். ஆட்டம் நடக்கும்போது ஆட்டத்தையே சொல்வார். மழை வந்து, தார்ப்பாயை இழுத்து மைதானத்தை மூடி, ஆட்டக்காரர்கள் உள்ளே போய்விட்டால், சொல்வதற்கு எதிரே ஒன்றுமில்லை, நிலையமோ ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது ரூத்தைப் பற்றியும் தம் இளமைக் காலத்துத் தோழர்களைப் பற்றியும் அவர் பேசத் தொடங்குவார். அந்தப் பேச்சுக்காகவே மழையை விரும்பிய நேயர்கள் சின்சினாட்டியில் இருந்தார்கள்; மழைநேரக் கதைகளை மட்டும் தொகுத்து இசைத்தட்டாகவே வெளியிட்டார்கள். 1948 ஆகஸ்டில் ரூத் இறந்த செய்தி வந்த தினத்திலும் ஹொய்ட் அன்றைய ஆட்டத்தை முழுவதும் சொல்லி முடித்தார்; முடித்த பின்பே தோழரைப் பற்றி, கையில் குறிப்பு ஒன்றுமில்லாமல், நெடுநேரம் பேசினார்.